இரண்டு ஸ்பார்க் பிளக், பன்னிரண்டு ஆண்டுகள்: பஜாஜ் – டி.வி.எஸ். வழக்கும் காப்புரிமை வழக்கறிஞரின் வேலையும்

காப்புரிமை எண் 195904. ஃபோர் ஸ்ட்ரோக் முறையில் இயங்கும் மேம்படுத்தப்பட்ட எஞ்சின் என்பது தலைப்பு. முன்னுரிமைத் தேதி (கண்டுபிடிப்பு புதியதா என்று பார்க்க அளவுகோலாகும் நாள்) 2002 ஜூலை 16. வழங்கப்பட்டது 2005 ஜூலை 7. உரிமையாளர் பஜாஜ் ஆட்டோ. சாலையில் இதற்கு டி.டி.எஸ்-ஐ என்று பெயர். பல்சர் ஓட்டியவர்களுக்கு அந்த ஸ்டிக்கர் மறந்திருக்காது.

இந்தக் காப்புரிமையை வைத்து பஜாஜும் டி.வி.எஸ். மோட்டாரும் 2007இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய சண்டை 2019 அக்டோபரில் சமரசத்தில் முடிந்தது. இடையில் தனி நீதிபதி ஒரு பக்கம் சொன்னார், இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது, உச்ச நீதிமன்றம் இரண்டரை மாதத்தில் முடித்துவிடுங்கள் என்றது. ஆனால் காப்புரிமை செல்லுமா, அது மீறப்பட்டதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் சாட்சி விசாரித்து எழுதிய இறுதித் தீர்ப்பு வரவே இல்லை.

அறிவுசார் சொத்துரிமை வழக்கைத் தொழிலாக எடுக்க நினைப்பவர் முதலில் படிக்க வேண்டிய கட்டு இது. பெரிய சட்டக் கோட்பாடு எதையும் இது நிலைநாட்டிவிட்டதால் அல்ல. இந்தியாவில் இந்த வழக்குகள் உண்மையில் எங்கே ஜெயிக்கப்படுகின்றன, எங்கே தோற்கப்படுகின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கட்டு கிடைப்பது அரிது. சாட்சிக் கூண்டு வரை போகும் வழக்குகள் குறைவு. முதல் சில வாரங்களில் தாக்கலாகும் பிராது (வழக்கு மனு), பிரமாணப் பத்திரம், டைப் செட் (பக்க எண்ணிட்ட ஆவணத் தொகுப்பு) ஆகியவற்றை வைத்து இடைக்காலத் தடை கிடைக்கிறதா இல்லையா என்பதிலேயே வியாபாரத்தின் தலைவிதி முடிந்துவிடுகிறது. ஆகவே இந்தத் தொழிலின் திறமை குறுக்கு விசாரணையில் இருப்பதைவிட அதிகமாக அந்தக் காகிதங்களில் இருக்கிறது.

எஞ்சினுக்குள் என்ன தகராறு

சட்டப் புத்தகத்தை எடுப்பதற்கு முன் எஞ்சினைப் புரிந்துகொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் பிராது எழுத உட்காருபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதிய பிராது இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை ஒரு பிளக் பற்றவைத்தால், தீ அந்த இடத்திலிருந்து சிலிண்டரின் மறுகோடி வரை பரவ வேண்டும். பெட்ரோல் முழுமையாக எரிய எடை அளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். காற்றை அதற்கும் மேலே கூட்டினால் அது லீன் கலவை. மைலேஜ் கிடைக்கும், ஆனால் தீ மெதுவாகப் பரவும், சில சுற்றுகளில் சரியாகப் பற்றாமலும் போகும். எதிரெதிரே இரண்டு பிளக் வைத்து ஒரே நேரத்தில் பற்றவைத்தால் தீ கடக்க வேண்டிய தூரம் பாதியாகிறது. இதுதான் அடிப்படை யோசனை.

இரண்டு பிளக் என்பது புதிதல்ல. பழைய விமான எஞ்சின்களில் பாதுகாப்புக்காகவே ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக் இருந்தது. ஆல்ஃபா ரோமியோ கார்களில் ட்வின் ஸ்பார்க் என்று பெயர் போட்டே விற்றார்கள். அப்படியானால் பஜாஜுக்கு எதில் உரிமை? சிலிண்டரின் உள்விட்டம் 45 மி.மீ. முதல் 70 மி.மீ. வரை உள்ள சிறிய எஞ்சினில், லீன் கலவையை, இரண்டு பிளக்கால் பற்றவைக்கும் அமைப்பு என்று அவர்கள் எல்லை வரைந்தார்கள். எரியும் அறையில் இடம் குறைவான சின்ன எஞ்சினில் இரண்டாவது பிளக்கைக் கொண்டுபோய் வைப்பதே சிக்கல். அதற்கு உறையோடு கூடிய ஓர் ஏற்பாடும் காப்புரிமை விண்ணப்பத்தின் தொழில்நுட்ப விவரணையில் இருந்தது.

இந்த எண்களை ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பார்த்தால் வழக்கின் கனம் விளங்கும். விட்டமும் ஸ்ட்ரோக் நீளமும் சமம் என்று வைத்துக்கொண்டால், 45 மி.மீ. விட்டம் கிட்டத்தட்ட 72 சிசி, 70 மி.மீ. விட்டம் கிட்டத்தட்ட 269 சிசி. அதாவது அன்று இந்தியச் சாலையில் ஓடிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பகுதி இந்த வரம்புக்குள் வந்துவிடும். 125 சிசி எஞ்சின் 54 மி.மீ. பக்கத்தில், நட்டநடுவில் உட்காருகிறது. ஒரு போட்டி நிறுவனம் 125 சிசி வண்டியில் இரண்டு பிளக் போட்டால் இந்தக் காப்புரிமையின் மேல் கால் வைக்காமல் நடக்க முடியாது. அதனால்தான் ஒரு பிளக்குக்காக இரண்டு பெரிய நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின.

யார் முதலில் வாசலுக்கு வந்தது

2007 ஆகஸ்ட் இறுதியில் டி.வி.எஸ். தன் 125 சிசி வண்டியான ஃப்ளேமை அறிவித்தது. ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய எஞ்சின். மூன்று வால்வு, இரண்டு பிளக். ஆனால் அறிவிப்புக்குச் சில நாட்கள் முன்பே, ஆகஸ்ட் 24 அன்று, அப்போது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தில் 195904ஐ ரத்து செய்யக் கோரி காப்புரிமைச் சட்டப் பிரிவு 64இன் கீழ் மனுப் போட்டிருந்தது. பொருளை வெளியிடும் முன் வழியில் கிடக்கும் முள்ளை அகற்றப் பார்ப்பது நல்ல வழக்கம். நீதிமன்றம் பிறகு யாருக்குச் சாதகமாக சமநிலையைப் பார்ப்பது என்று யோசிக்கும்போது, எதிரி கண்ணை மூடிக்கொண்டு சந்தைக்கு வரவில்லை என்று காட்ட இந்த மனு உதவும். என்றாலும் ஒரு வாரத்துக்கு முன் போட்ட மனுவால் வழி திறந்துவிடாது. ரத்து மனுவுக்கு மாதங்கள் அல்ல, ஆண்டுகள் ஆகும். பொருள் வரைபடத்தில் இருக்கும்போதே தேடல் நடத்தி, அப்போதே மனுப் போடச் சொல்வதுதான் சரியான ஆலோசனை.

செப்டம்பர் தொடக்கத்தில், ஃப்ளேம் தன் காப்புரிமையை மீறுகிறது என்று பஜாஜ் தரப்பு வெளிப்படையாகச் சொன்னது. இதற்கு டி.வி.எஸ். எடுத்த ஆயுதம் பிரிவு 106: ஆதாரமில்லாத மிரட்டலுக்கு எதிரான வழக்கு. சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் வழக்குப் பிரிவில் சி.எஸ். 979/2007 என்ற எண்ணில் அது பதிவாயிற்று. பின்னர் பஜாஜ் தொடுத்த மீறல் வழக்கு சி.எஸ். 1111/2007.

பிரிவு 106ஐ இளம் வழக்கறிஞர்கள் நோட்டீஸ் எழுதும் நாளில் மறந்துவிடுகிறார்கள். 'எங்களிடம் இந்த எண்ணுள்ள காப்புரிமை இருக்கிறது' என்று தெரிவிப்பது மட்டும் மிரட்டல் ஆகாது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. 'நிறுத்தாவிட்டால் வழக்குப் போடுவோம்' என்று ஒரு வரி சேர்த்தால் எதிரி தனக்குப் பிடித்த ஊரில், தனக்குப் பிடித்த நேரத்தில் முதலில் வழக்குப் போட வாசலைத் திறந்துவிடுகிறீர்கள். வழக்குக் கட்டு தயாராகாமல் கோபமான நோட்டீஸ் அனுப்பக்கூடாது. பத்திரிகையாளர்களிடமும் பங்குச் சந்தைக்கும் வாடிக்கையாளர் என்ன சொல்கிறார் என்பதையும் வழக்கறிஞர் முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். பெரும்பாலும் அவர்கள் சொல்லிவிட்டுத்தான் நமக்கு போன் செய்வார்கள்.

மீறியவராகக் குற்றம் சாட்டப்படக்கூடியவர் பக்கம் நின்றால் அன்றே செய்ய வேண்டியது கேவியட் என்ற முன்னெச்சரிக்கை மனு. உரிமையியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 148ஏ. ஆயுள் 90 நாள். சென்னையில் காலை அமர்வில் மென்ஷன் செய்து (அவசரம் என்று நீதிபதியிடம் வாய்மொழியாகச் சொல்லி) அன்று மதியமே லஞ்ச் மோஷனாக, அதாவது உணவு இடைவேளையை ஒட்டிக் கேட்கும் அவசர மனுவாக, தடை வாங்கிவிடுவது நடக்கக்கூடியது. கேவியட் இருந்தால் குறைந்தபட்சம் நம்மைக் கேட்காமல் உத்தரவு போடமாட்டார்கள். 91ஆம் நாள் வாங்கிய ஒருதலைத் தடைகள் எல்லா வக்கீல் அறையிலும் ஒரு கதையாக இருக்கும். காலண்டரில் குறித்துவைத்துப் புதுப்பிப்பது ஜூனியர் வேலை.

கிளெய்ம் சார்ட்

இந்த வழக்கின் உயிர் இருந்தது ஒரு அட்டவணையில். காப்புரிமை வழக்கறிஞர் எழுதும் ஆவணங்களில் இதைவிட முக்கியமானது இல்லை. சட்டக் கல்லூரியில் இதை வரைந்து பழகாமலேயே பலர் வெளியே வருகிறார்கள்.

இடது பத்தியில் முதலாம் கிளெய்மை (காப்புரிமையின் எல்லையை வரையும் வாசகத்தை) வார்த்தை வார்த்தையாக வெட்டிப் போட வேண்டும். நம் வழக்கில்: ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின், விட்டம் 45 முதல் 70 மி.மீ.; லீன் கலவை; இரண்டு பிளக்; குறித்த கணத்தில் பற்றவைத்தல்; பிளக் இருக்கும் இடம்; வால்வு ஏற்பாடு. நடுப் பத்தியில் எதிரியின் பொருளில் அந்த அம்சம் எங்கே இருக்கிறது. வலது பத்தியில் அதைக் காட்டும் ஆதாரம்: டைப் செட்டின் எந்தப் பக்கம், எந்தப் புகைப்படம், எந்த அளவீடு. எதிர்த்தரப்பு வக்கீல் நாலாவதாக ஒரு பத்தி சேர்ப்பார்: இதே அம்சம் 2002க்கு முன் எங்கே வெளியாகியிருக்கிறது.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை, பொருளைப் பொருளோடு ஒப்பிடுவது. பல்சரையும் ஃப்ளேமையும் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்து இரண்டும் ஒன்று என்று வாதாடினால் அது டிசைன் வழக்குக்கோ வணிகச் சின்ன வழக்குக்கோ பொருந்தலாம். காப்புரிமையில் ஒப்பிட வேண்டியது கிளெய்மின் வார்த்தையும் எதிரியின் பொருளும் மட்டுமே. சொந்தப் பொருள் கிளெய்முக்கு வெளியே இருந்தாலும் மீறல் இருக்கலாம். சொந்தப் பொருளை எதிரி அப்படியே காப்பியடித்திருந்தாலும் மீறல் இல்லாமல் போகலாம். வாடிக்கையாளருக்கு இதைப் புரியவைக்க ஒரு முழு மாலை ஆகும். ஆகட்டும்.

டி.வி.எஸ். தரப்பு நாலாவது பத்தியில் வைத்த முக்கிய ஆவணம் ஹோண்டாவின் பழைய அமெரிக்கக் காப்புரிமை, எண் 4534322. அதிலும் இரண்டு பிளக் உண்டு. வாதம் இருமுனைக் கத்தி: நாங்கள் செய்வது காலாவதியான பழைய தொழில்நுட்பத்தைத்தான் என்றால் மீறல் இல்லை, நாங்கள் செய்வது உங்கள் கிளெய்முக்குள் வருகிறது என்றால் உங்கள் கிளெய்மும் அந்தப் பழையதற்குள் வந்து செல்லாததாகிவிடும். காப்புரிமை எதிர்வாதங்களில் இதைவிடச் சிக்கனமானது இல்லை. ஆனால் இது வேலை செய்ய, பழைய ஆவணத்தில் எல்லா அம்சங்களும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் 'முன்பே வெளியானது' என்ற வாதம் நிற்காது; 'துறை அறிந்தவருக்கு வெளிப்படையாகத் தெரியக்கூடியது' என்ற இன்னொரு வாதத்துக்கு நகர வேண்டும். அதற்கு நிபுணர் வேண்டும்.

நிபுணரின் பிரமாணப் பத்திரம்தான் பல கட்டுகள் ஓட்டையாகும் இடம். வக்கீல் எழுதிக் கொடுத்ததில் பேராசிரியர் கையெழுத்துப் போட்டால், குறுக்கு விசாரணை வரை போக வேண்டியதே இல்லை. மொழியைப் பார்த்தாலே நீதிபதிக்குத் தெரியும். இன்னொரு ஓட்டை, காப்புரிமை அலுவலகத்தில் முன்பு சொன்னதும் இப்போது சொல்வதும் முரண்படுவது. கிண்டியிலோ மும்பையிலோ பரிசோதகர் எழுப்பிய ஆட்சேபணைக்கு, 'எங்கள் கண்டுபிடிப்பு குறுகியது, இந்த அம்சம் இருந்தால் மட்டுமே' என்று பதில் எழுதிக் காப்புரிமை வாங்கியிருப்பார்கள். நீதிமன்றத்தில் அதே கிளெய்மை அகலமாக விரிப்பார்கள். அந்தக் கடிதப் போக்குவரத்து முழுவதையும் காப்புரிமை அலுவலகத் தளத்திலிருந்து இறக்கிப் படிக்காமல் யாருக்காகவும் வக்காலத்தில் கையெழுத்துப் போடக்கூடாது.

சந்தையில் கிடைக்கும் பொருள் என்றால் ஆதாரம் திரட்டுவதற்கும் முறை உண்டு. டீலரிடம் பில் போட்டு வாங்க வேண்டும். எஞ்சின் எண், சேசிஸ் எண் பில்லோடு பொருந்த வேண்டும். பிரித்தெடுப்பதற்கு முன்பே முத்திரையோடு படம். சிலிண்டர் விட்டத்தை போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என்று மூன்று ஆழத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கே இரண்டு திசையில் அளக்க வேண்டும். தேய்ந்த சிலிண்டர் ஒரே அளவு காட்டாது. அளந்தவர் பெயர், கருவியின் அளவுத்திருத்தச் சான்றிதழ், தேதி எல்லாம் வேண்டும். லீன் கலவையா என்பதைப் படம் பிடித்துக் காட்ட முடியாது. எந்த வேகத்தில், எந்தச் சுமையில் என்ன விகிதம் என்று பரிசோதனைக் கூட அறிக்கை வேண்டும். கிளெய்ம் சார்ட்டில் பெரும்பாலும் வெறுமையாக நிற்கும் கட்டம் இதுதான். டிஜிட்டல் படங்களைச் சாட்சியமாக ஏற்க, முன்பு சாட்சியச் சட்டம் 65பி சான்றிதழ் வேண்டியிருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63(4) சான்றிதழ். அது இல்லாத படம் நீதிபதி பார்க்கும் அழகான படம் மட்டுமே.

ஒரே கிளெய்ம், இரண்டு வாசிப்பு

2008 பிப்ரவரி 16 அன்று நீதிபதி பி. ஜோதிமணி பஜாஜுக்கு இடைக்காலத் தடை தந்தார். கண்டுபிடிப்பின் சாரம் சிறிய விட்டமுள்ள எஞ்சினில் லீன் கலவையை இரண்டு பிளக்கால் எரிப்பது, டி.வி.எஸ். அதை எடுத்துக்கொண்டு ஒரு வால்வைக் கூட்டியதால் சாரம் மாறிவிடாது என்பது அவர் பார்வை. டி.வி.எஸ். பிறகு ஒற்றை பிளக்கோடு ஃப்ளேமைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தடை என்பது இதுதான்: விளம்பரம் கொடுத்து, டீலர்களுக்கு வாக்குக் கொடுத்து, அச்சு வார்த்து முடித்த எஞ்சினை மாற்றுவது.

2009 மே 18 அன்று நீதிபதிகள் எஸ்.ஜே. முகோபாத்யாயா, எஃப்.எம். இப்ராஹிம் கலிஃபுல்லா அமர்வு தடையை நீக்கியது. அவர்கள் வாசிப்பில் கிளெய்ம் இரண்டு வால்வு அமைப்போடு பிணைந்தது. மூன்று வால்வு உள்ள எஞ்சினில் பிளக்குகளின் இடமும் ஏற்பாடும் வேறு. ஆகவே மேல்நோக்கில், அதாவது முழு விசாரணைக்கு முந்தைய முதல் பார்வையில், மீறல் நிறுவப்படவில்லை.

இரண்டு தீர்ப்பையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது சட்டத்தில் பெரிய கருத்து வேறுபாடு தெரியாது. மேல்நோக்கான வழக்கு, வசதிகளின் சமநிலை (தடையால் யாருக்கு அதிகச் சிரமம்), ஈடுசெய்ய முடியாத இழப்பு என்ற மூன்று சோதனைகளும் இரண்டிலும் உண்டு. வழங்கப்பட்டதாலேயே காப்புரிமை செல்லும் என்று பொருளில்லை என்ற பிரிவு 13(4) இரு தரப்புக்கும் தெரியும். வேறுபாடு முழுக்க கிளெய்மில் 'வால்வு' என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதில்தான். அந்த விவரணையை எழுதிய காப்புரிமை முகவரின் ஒரு சொல் தேர்வு, பல ஆண்டு கழித்து எதிரிக்குக் கதவாகிவிட்டது. வழக்காடும் வக்கீல் விவரணை எழுதும் மேசையில் சில ஆண்டுகளாவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நாங்கள் நினைப்பதற்குக் காரணம் இது.

புதிதாக வழங்கிய காப்புரிமைக்குத் தடை எளிதில் தரக்கூடாது என்ற பழைய எண்ணத்துக்கும் சென்னைக்கும் தொடர்பு உண்டு. 1965இல் ஸ்டார் ப்ளோ ஒர்க்ஸ் என்ற ஏர்க்கலப்பை நிறுவனத்தின் வழக்கில் இந்த நீதிமன்றமே அந்தப் போக்கில் சொன்னது. வழங்கி ஆறு ஆண்டு ஆகாததைப் புதியது என்று கொள்வதால் ஆறு ஆண்டு விதி என்று அதைக் குறிப்பிடுவார்கள். பிற்காலத்தில் நீதிமன்றங்கள் அதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏப்ரல் 2009இல், சென்னை அமர்வின் தீர்ப்புக்குச் சில வாரங்கள் முன், டில்லி உயர் நீதிமன்றம் ரோஷ் – சிப்லா மருந்து வழக்கில், எதிரி செல்லாத்தன்மையை நிரூபிக்கத் தேவையில்லை, நம்பத்தக்க சவால் ஒன்றைக் காட்டினால் போதும் என்றது. இன்று தடை மனு எழுதும் எவரும் அந்தச் சொற்றொடரைச் சுற்றித்தான் எழுதுகிறார்கள்.

உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பர் 16 அன்று இந்த வாசிப்புகளுக்குள் போகவில்லை. நீதிபதிகள் மார்கண்டேய கட்ஜு, ஏ.கே. கங்குலி அமர்வு கட்டைப் பார்த்துக் கண்டது வேறொன்று: வழக்குப் போட்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டாகியும் எதிருரையே தாக்கலாகவில்லை. இடைக்கால மனுவுக்காக மூன்று நிலைகளில் மூத்த வக்கீல்கள் நாள் கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். அசல் வழக்கு நகரவே இல்லை. டி.வி.எஸ். விற்கலாம், ஆனால் உள்நாட்டு, ஏற்றுமதி விற்பனைக் கணக்கைத் துல்லியமாக வைக்க வேண்டும். எதிருரையை தசரா விடுமுறைக்கு முன் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கை நவம்பர் 30க்குள் முடிக்க வேண்டும் என்றது உத்தரவு. கூடவே எல்லா நீதிமன்றங்களுக்கும் ஒரு பொது அறிவுரை: காப்புரிமை, வணிகச் சின்னம், பதிப்புரிமை வழக்குகளை நாள்தோறும் நடத்தி, சாதாரணமாக நான்கு மாதத்தில் தீர்ப்புச் சொல்லுங்கள்.

நவம்பர் 30 வந்தது, போனது. இன்னும் ஒன்பது நவம்பர்கள் போயின. பத்தாவது வருவதற்குள் சமரசம் வந்துவிட்டது.

கணக்கு வைக்கச் சொல்லும் உத்தரவைப் பற்றி ஒரு வார்த்தை. தடை கிடைக்காதபோது வாதி கேட்டு வாங்க வேண்டிய குறைந்தபட்ச நிவாரணம் அது. பிரிவு 108 நஷ்டஈடு அல்லது லாபக் கணக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுகிறது. எந்தக் கணக்கு, எந்த மாடல், எந்த இடைவெளியில், யாரிடம் கொடுப்பது என்று உத்தரவில் வரவில்லை என்றால் ஆண்டுகள் கழித்து ஒரு எக்செல் தாளில் தோராயத் தொகை வரும். உத்தரவின் வாசகத்தை வக்கீலே எழுதிக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

இதே வழக்கு இன்று வந்தால்

முதல் மாற்றம், மேல்முறையீட்டு வாரியம் இல்லை. 2021 ஏப்ரலில் அது கலைக்கப்பட்டது. பிரிவு 64 ரத்து மனு இப்போது உயர் நீதிமன்றத்துக்கே போகிறது. சென்னையில் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவும் அதற்கான தனி விதிகளும் 2023 முதல் இயங்குகின்றன. ஒரே காப்புரிமை மீது தனி ரத்து மனுவும், மீறல் வழக்கில் எதிர்க்கோரிக்கையும் இரண்டையும் ஒருவரே ஓட்ட முடியாது என்று 2014இல் அலோய்ஸ் வோபன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதை முதலில் போடுவது என்று யோசித்துத்தான் போட வேண்டும். போட்ட பிறகு மாற்றிக்கொள்வது கடினம்.

இரண்டாவது, 2015 வணிக நீதிமன்றச் சட்டம். எதிருரைக்கு 30 நாள். காரணம் காட்டி நீட்டித்தாலும் 120ஆம் நாளோடு கதவு மூடிவிடும். ஃப்ளேம் வழக்கில் நடந்தது இன்று நடக்காது. பிராதோடு சேர்த்து கையில் இருக்கும் எல்லா ஆவணங்களையும், நமக்குப் பாதகமானதையும் சேர்த்து, பட்டியலிட வேண்டும். உண்மை உறுதிமொழி இணைக்க வேண்டும். வாதி அந்தப் பட்டியலில் விட்ட ஆவணத்தைப் பின்னால் கொண்டுவர நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். முன்பே ஏன் தரவில்லை என்பதற்கு நல்ல காரணமும் வேண்டும்.

மூன்றாவது, அவசர நிவாரணம் கேட்காத வழக்குகளில், வழக்குப் போடும் முன் கட்டாயச் சமரசப் பேச்சு, அதே சட்டத்தின் பிரிவு 12ஏ. தடை மனு இணைத்தால் அதைத் தாண்டலாம்; ஆனால் தாண்டுவதற்காக மட்டும் பெயருக்கு ஒரு தடை மனு வைத்தால் நீதிமன்றம் கேட்கும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு ஏழாம் மாதம் அவசரம் என்பது யாரையும் நம்பவைக்காது. எதிரியின் பொருள் எப்போது தெரியவந்தது என்ற தேதியைச் சுற்றியே பாதி வாதம் நடக்கும். வாடிக்கையாளரின் மின்னஞ்சல்களில் அந்தத் தேதி நாம் பிராதில் எழுதியதற்கு முன்னால் இருந்தால் தடை போவதோடு பெயரும் போகும்.

கோர்ட் ஃபீ தமிழ்நாட்டில் 2017இல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. ஒரு கோடி நஷ்டஈடு கேட்டால் மூன்று லட்சம். அதிகம் கேட்டால் கௌரவம் என்று நினைக்கும் வாடிக்கையாளரிடம் இந்தப் பெருக்கலை முதல் நாளே செய்துகாட்ட வேண்டும்.

தாக்கலுக்கு முன் பார்க்க வேண்டிய சிறிய விஷயங்கள் சில: ஆண்டுக் கட்டணம் கட்டியிருக்கிறதா, உரிமை மாற்றம் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா, படிவம் 27 (கண்டுபிடிப்பு இந்தியாவில் பயன்படுகிறதா என்ற அறிக்கை) தாக்கலாகியிருக்கிறதா, வெளிநாட்டு விண்ணப்ப விவரங்களை பிரிவு 8 கேட்கிறபடி கொடுத்திருக்கிறார்களா. கடைசியாகச் சொன்னது ரத்துக்கே ஒரு காரணம். இவற்றில் ஒன்று தவறினால் எதிர்த்தரப்பின் முதல் பத்தியே அதில்தான் தொடங்கும்.

இந்த வேலைக்கு வருபவர்

நீதிமன்றத்தில் வாதாடத் தேவையானது வழக்கறிஞர் பதிவு மட்டுமே. மூன்றாண்டோ ஐந்தாண்டோ சட்டப் படிப்பு, தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு. காப்புரிமை முகவர் தேர்வுக்கு அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும். அது விண்ணப்பம் எழுதவும் காப்புரிமை அலுவலகத்தில் நடைமுறைகளை நடத்தவும். முகவராக இல்லாத வழக்கறிஞரும் காப்புரிமை அலுவலகத்தின் முடிவெடுக்கும் அதிகாரியான கன்ட்ரோலர் முன் விசாரணையில் கட்சிக்காரருக்காகத் தோன்றலாம், பிரிவு 132 அனுமதிக்கிறது. பி.காம். படித்தவர் இந்தத் துறைக்கு வர முடியாது என்பது கட்டுக்கதை. ஆனால் எஞ்சினோ மூலக்கூறோ முன்னால் வந்தால் அதை ஒரு வாரத்தில் படித்துப் புரிந்துகொள்ளும் பொறுமை இல்லாதவர் வர வேண்டாம்.

முதல் இரண்டு மூன்று ஆண்டு வேலை ஈர்ப்பானதல்ல. டைப் செட்டுக்குப் பக்க எண் போடுவது, ரிட்டர்ன் ஆன கட்டைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்வது, வழக்கு நம்பர் ஆகும் வரை பதிவுத் துறையில் நிற்பது, காஸ் லிஸ்ட் (அன்றைய வழக்குப் பட்டியல்) பார்ப்பது, கேவியட் தேடுவது. வணிகச் சின்ன வழக்குகள்தான் எண்ணிக்கையில் அதிகம். எண்ணெய் பாக்கெட், மசாலாப் பொடி, வேட்டி பெயர் என்று வரும். அவற்றில் தடை மனு எழுதிக் கை பழகியவர்தான் பிறகு காப்புரிமைக்கு வருகிறார். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்றது. சேரும் முன் அந்த அறையில் எவ்வளவு தருகிறார்கள், எத்தனை காப்புரிமைக் கட்டு ஓடுகிறது என்று இரண்டையும் நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது. இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம்.

பயிற்சிக்கு இந்த வழக்கின் இரண்டு சென்னைத் தீர்ப்புகளும் போதும். 195904இன் முழு விவரணையை எடுத்து, கிளெய்ம் ஒன்றைத் தனியே வெட்டி, தீர்ப்பைப் படிக்காமல் சொந்தமாக ஒரு சார்ட் வரைந்து பார்க்கலாம். ஒருமுறை பஜாஜுக்காக, ஒருமுறை டி.வி.எஸ்.ஸுக்காக. வால்வு வரும் கட்டத்தில் இரண்டு முறையும் கை தயங்கும்.

விண்ணப்பித்த தேதியிலிருந்து எண்ணினால் அந்தக் காப்புரிமைக்கு 2022 ஜூலையோடு இருபது ஆண்டு முடிந்தது. இனி 125 சிசி எஞ்சினில் இரண்டு பிளக் வைக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. யாராவது அதன் மேல் புதிய காப்புரிமை கேட்டு வந்தால், எதிர்த்தரப்பு வக்கீலின் நாலாவது பத்தியில் முதலில் ஏறும் எண் 195904ஆக இருக்கும்.